தாபரிப்புக் காசை அறவிடும் வேலையைத் தாய்மார் தலையில் இருந்து இறக்குங்கள்

மாண்புமிகு நீதி அமைச்சர் அவர்களுக்கும், மாண்புமிகு மகளிர் மற்றும் சிறுவர் அலுவல்கள் அமைச்சர் அவர்களுக்கும், மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டச் செயலாளர்களுக்கும்,

வணக்கம்.

நான் மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரைக் கிராமம் ஒன்றின் மாதர் சங்கத்தில் செயலாளராக இருக்கிறேன். புருசன் விட்டுப்போன பெண்களுக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுப்பது, பிரதேச செயலகத்துக்கும் சட்ட உதவி ஆணைக்குழுவுக்கும் கூட்டிக்கொண்டு போவது, வழக்குத் தவணை அன்று பக்கத்தில் இருப்பது என்று பல வருசமாக இந்த வேலையோடு நிற்கிறேன். உங்களிடம் கேட்க வந்தது ஒரே விசயம். பிள்ளையின் செலவுக்குத் தகப்பன் மாதா மாதம் தாபரிப்புக் காசு கட்ட வேண்டும் என்று நீதவான் கட்டளை போட்ட பிறகு, அந்தக் காசை மாதா மாதம் அறவிட்டுத் தாயின் கணக்கில் போடுகிற பொறுப்பை அரசாங்கம் எடுக்க வேண்டும். இன்றைக்கு அந்தப் பொறுப்பு முழுக்கத் தாயிடம்தான் இருக்கிறது. அதனால்தான் கட்டளை வாங்கிய பெண்கள் பலர் காசு வாங்காமல் இருக்கிறார்கள்.

நாட்டில் சட்டம் இல்லை என்று சொல்ல வரவில்லை. 1889ஆம் ஆண்டின் பழைய கட்டளைச் சட்டத்தை நீக்கிவிட்டு 1999இல் கொண்டுவந்த 37ஆம் இலக்கத் தாபரிப்புச் சட்டம் நல்ல சட்டம். திருமணம் பதியாமல் பிறந்த பிள்ளைக்கும் தகப்பன் கொடுக்க வேண்டும் என்கிறது. 18 வயது தாண்டியும் தன்னைப் பார்த்துக்கொள்ள முடியாத நிலையில் உள்ள பிள்ளைக்கு 25 வயது வரை கேட்கலாம். மாற்றுத்திறனாளியான பிள்ளைக்கு அந்த வயதெல்லையும் இல்லை. தாய் தான் இருக்கிற இடத்து நீதவான் நீதிமன்றத்திலேயே வழக்கு வைக்கலாம். புருசன் சம்பளக்காரன் என்றால், சம்பளத்தில் கழித்து அனுப்பும்படி வேலை கொடுப்பவருக்கே நீதிமன்றம் உத்தரவு போடலாம். கட்டாமல் விட்டால் சொத்தைப் பிடித்து அறவிடலாம், கட்டாத ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு மாதம் வரை மறியலில் (சிறையில்) போடலாம். இவ்வளவும் எழுத்தில் இருக்கிறது. நாங்கள் கூட்டம் வைத்துச் சொல்லும்போது, “பதியாத கலியாணத்துக்கும் கேட்கலாமா அக்கா?” என்று வாய்பிளக்கிற பெண்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள். அந்த விளக்கம் சொல்வதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். அதற்குப் பிறகு நடப்பதுதான் எங்கள் கையில் இல்லை.

நடப்பது இதுதான். முதலில் பொலிஸில் ஒரு முறைப்பாடு. அங்கே கூப்பிட்டுச் சமாதானம் பேசுவார்கள், புருசனும் தலையாட்டுவார். இரண்டு மாதம் போகும். அப்புறம் கிராம உத்தியோகத்தரிடம் வதிவிடக் கடிதமும் வருமானச் சான்றிதழும் எடுக்க வேண்டும். பிள்ளைகளின் பிறப்பு அத்தாட்சிப் பத்திரம், விவாக அத்தாட்சிப் பத்திரம், அடையாள அட்டைப் பிரதி எல்லாம் சேர்த்துக் கொண்டுபோனால் சட்ட உதவி ஆணைக்குழுவில் சட்டத்தரணி ஒருவரைப் போட்டுத் தருவார்கள். அந்த உதவி இல்லாவிட்டால் எங்கள் பெண்களில் பாதிப் பேர் நீதிமன்றப் படியே ஏறியிருக்க மாட்டார்கள், அதை நன்றியோடு சொல்கிறேன். வழக்குப் போட்டால் அழைப்பாணை போகும். ஆள் இல்லை என்று திரும்பி வரும். மறு தவணை. திரும்பவும் போகும். சரியான விலாசம் தரச் சொல்லித் தாயிடமே கேட்பார்கள். அவர் எந்த ஊரில் எந்த வீட்டில் இருக்கிறார் என்று கண்டுபிடிப்பதும் அவள் வேலைதான். ஒரு வழியாக ஆள் வந்து, விசாரணை நடந்து, இருவருடைய வருமானத்தையும் பார்த்து நீதவான் கட்டளை போடுவார். அன்றைக்கு அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்க்க வேண்டும், அப்படி ஒரு நிம்மதி.

முதல் மாதம் காசு வரும். இரண்டாம் மாதமும் வரலாம். அதோடு நிற்கும்.

நின்ற பிறகு யாரும் தானாக வந்து கேட்பதில்லை. நீதிமன்றம் தானாகக் கணக்குப் பார்ப்பதில்லை, பிரதேச செயலகத்துக்கு அது தெரியாது, பொலிஸுக்குப் பிடியாணை வந்தால்தான் வேலை. தாய் திரும்பவும் சட்டத்தரணியிடம் போக வேண்டும், நிலுவைக்கு மனுப் போட வேண்டும், திரும்பவும் அழைப்பாணை, திரும்பவும் விலாசம். ஆள் வந்து நிலுவையில் ஒரு பகுதியைக் கட்டிவிட்டு மிச்சத்துக்குத் தவணை கேட்பார், கிடைக்கும். அப்புறம் மறுபடி நிற்கும். பிள்ளை ஒன்றாம் வகுப்பில் இருக்கும்போது தொடங்கிய வழக்கு, அது சாதாரண தரம் எழுதும்போதும் இழுபடுவதைக் கண்டிருக்கிறேன்.

ஒரு பெண்ணைச் சொல்கிறேன், பெயர் வேண்டாம். இரண்டு பெண் பிள்ளைகள். காலமை வெள்ளென எழும்பிச் சமைத்து வைத்துவிட்டு, வாவியைக் கடந்து பஸ் பிடித்து வருகிறவள். நகைக்கடைப் பை ஒன்றுக்குள் அவளுடைய கடதாசிகள் எல்லாம் இருக்கும். அதற்குள்ளேயே பிள்ளையின் பழைய அப்பியாசக் கொப்பி ஒன்று. பின்பக்கத்தில் கோடு போட்டு மாதத்தின் பெயரை வரிசையாக எழுதி, வந்த காசை நேரே எழுதியிருக்கிறாள். தை 5000, மாசி 3000, பங்குனிக்கு நேரே ஒன்றும் இல்லை, சித்திரைக்கு நேரே “வருசத்துக்குச் சட்டை இரண்டு” என்று இருக்கும். சட்டையையும் அவள் நேர்மையாக எழுதி வைத்திருந்தாள். நீதிமன்றத்தில் அவள் புருசன், “நான் ஒவ்வொரு மாதமும் சந்தியில் வைத்துக் கையில் கொடுத்தேன் ஐயா” என்றார். அவளிடம் கொப்பி இருந்தது, அவரிடம் வாய்ச்சொல் இருந்தது. இரண்டில் எதற்கும் முத்திரையோ கையொப்பமோ இல்லை. அவளுக்கு அன்றைக்குப் போனது ஒரு நாள் கூலி, பஸ் காசு, பிள்ளைகளைப் பார்த்துக்கொண்ட பக்கத்து வீட்டுக்காரியின் தயவு. கிடைத்தது அடுத்த தவணைத் திகதி.

நீதவானைக் குறை சொல்ல முடியாது. அவர் முன்னால் சாட்சியம் எதுவும் இல்லை. காசு கைமாறுகிற இடத்தில் அரசாங்கத்தின் பதிவு ஒன்று இருந்திருந்தால் அந்த வழக்கு ஐந்து நிமிசத்தில் முடிந்திருக்கும். ஒழுங்காகக் கட்டுகிற தகப்பனுக்கும் அந்தப் பதிவுதான் பாதுகாப்பு. அப்படியானவர்களும் இருக்கிறார்கள். கட்டியதை நிரூபிக்க முடியாமல் பிடியாணைக்கு நின்ற ஒருவரையும் எனக்குத் தெரியும். அவருக்காகவும்தான் எழுதுகிறேன்.

எங்கள் பக்கத்து வழமை ஒன்றையும் நீங்கள் விளங்கிக்கொள்ள வேண்டும், கொழும்பில் இருக்கிறவர்களுக்கு இது தெரியாமல் இருக்கலாம். மட்டக்களப்பிலும் அம்பாறைக் கரையோரத்திலும் வீடு பெண்ணுக்குத்தான் போகும். தமிழர், முஸ்லிம்கள் இரு பகுதியினரிடமும் இந்த வழக்கம் இருக்கிறது. கலியாணம் முடித்தால் மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருவார். பிரிந்தால் அவர்தான் வெளியே போவார். இது பெண்ணுக்குப் பெரிய பலம், மறுக்கவில்லை. ஆனால் இதே வழமைதான் தாபரிப்பு விசயத்தில் அவளுக்கு எதிராக நிற்கிறது. “உனக்கு வீடு வளவு இருக்குத்தானே” என்று மத்தியஸ்தம் பேச வருகிறவரும் சொல்கிறார், உத்தியோகத்தரும் சொல்கிறார். கல்வீடு இருப்பதால் உதவிப் பட்டியலிலும் அவள் பெயர் கீழே போகிறது. அந்த வீடு சுனாமிக்குப் பிறகோ யுத்தம் முடிந்த பிறகோ வீட்டுத் திட்டத்தில் கட்டியதாக இருக்கும், பூசி முடித்திருக்காது. வீட்டுச் சுவர் பிள்ளைக்குப் பால்மா வாங்கித் தராது. வெளியே போன ஆளுக்கு நிலையான விலாசம் இல்லை என்பதும் இந்த வழமையின் மறுபக்கம். தாயிடம் போவார், தமக்கையிடம் போவார், அப்புறம் வேறொரு பெண்ணின் வீட்டுக்குப் போவார். அழைப்பாணை எந்தக் கதவில் தட்டும்?

காசு வராத மாதத்தில் அவள் என்ன செய்கிறாள் என்று கேட்கிறீர்களா? நுண்கடன் எடுக்கிறாள். எங்கள் கிராமங்களில் அந்தக் கடன் செய்த அழிவை நான் புதிதாகச் சொல்லத் தேவையில்லை. 2018இல் அரசாங்கமே வறட்சி பாதித்த மாவட்டங்களின் பெண்களுக்கு ஒரு பகுதிக் கடனைத் தள்ளுபடி செய்ய வேண்டிய நிலை வந்தது. கடன் கொடுத்த கம்பனியின் பெடியன் கிழமை தவறாமல் மோட்டார் சைக்கிளில் வாசலுக்கு வருகிறான், புத்தகத்தில் பதிகிறான், வராத காசுக்குக் காரணம் கேட்கிறான். ஒரு கம்பனியால் ஏழைத் தாயிடம் கிழமைக்குக் கிழமை அறவிட முடிகிறது என்றால், நீதிமன்றக் கட்டளையைக் கையில் வைத்திருக்கிற அரசாங்கத்தால் ஒரு தகப்பனிடம் மாதம் ஒருமுறை அறவிட முடியாது என்று நான் நம்பவில்லை.

மற்ற நாடுகளில் இதை அரசாங்கம்தான் செய்கிறது. அமெரிக்காவில் 1975இல் சட்டம் வந்து, ஒவ்வொரு மாநிலத்திலும் பிள்ளைத் தாபரிப்புக்கென்றே அரச அலுவலகம் வைத்தார்கள். தாய் அங்கே ஒரு விண்ணப்பம் கொடுத்தால் போதும். கலியாணம் முடித்தவளா இல்லையா என்பது கேள்வியே இல்லை. தகப்பன் எங்கே இருக்கிறார் என்று தேடுவது அந்த அலுவலகத்தின் வேலை. தகப்பன் இவர்தான் என்று நிறுவ வேண்டியிருந்தால் மரபணுப் பரிசோதனைக்கு ஒழுங்கு செய்வதும் அவர்கள்தான். கட்டளை வந்ததும் சம்பளத்தில் கழித்து, மாநிலத்தின் ஒரே கணக்குக்கு வந்து, அங்கிருந்து இரண்டு வேலை நாளுக்குள் தாய்க்குப் போக வேண்டும். ஆள் வேலை மாறினாலும் தப்ப முடியாது. புதிதாக ஒருவரை வேலைக்கு எடுக்கிற முதலாளி 20 நாளுக்குள் அரசுக்கு அறிவிக்க வேண்டும் என்று 1996இல் சட்டம் போட்டார்கள். நிலுவை 2500 டொலருக்கு மேல் போனால் கடவுச்சீட்டுக் கிடைக்காது. ஜெர்மனியில் இன்னும் ஒரு படி மேலே. தகப்பன் கட்டாவிட்டால் அரசாங்கமே பிள்ளைக்கு முற்பணமாகக் கொடுத்துவிட்டு, பிறகு அவரிடம் அறவிட்டுக்கொள்கிறது. 1980இல் இருந்து நடக்கிறது, 2017இல் 18 வயது வரைக்கும் நீட்டினார்கள். அங்கே இருக்கிற எங்கள் சொந்தக்காரர்களிடம் கேட்டாலே சொல்வார்கள்.

அலுவலகம் ஒன்றைத் திறந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் நான் நினைக்கவில்லை. பிரித்தானியாவில் 1993இல் பெரிய எடுப்பில் ஒரு முகவர் நிலையம் தொடங்கினார்கள். கணக்குப் போடும் முறை சிக்கல், கணினி சிக்கல், அறவிட முடியாமல் முந்நூறு கோடி பவுணுக்கு மேல் நிலுவை சேர்ந்தது. கடைசியில் அதை மூடி, 2012இல் வேறொன்று தொடங்க வேண்டி வந்தது. இப்போது அங்கே அரசு மூலம் அறவிட்டால் கட்டுகிறவரிடம் 20 வீதம் கூடுதலாக எடுக்கிறார்கள், தாய்க்கு வருவதிலும் 4 வீதம் கழிக்கிறார்கள். தாயிடம் கழிப்பதை நாங்கள் ஒருநாளும் ஏற்க மாட்டோம். 7000 ரூபாய் வருகிற இடத்தில் 280 ரூபாய் என்பது பிள்ளையின் கொப்பிக் காசு.

எங்களுக்குப் புதுக் கட்டடம் வேண்டாம். ஒவ்வொரு பிரதேச செயலகத்திலும் பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தர் இருக்கிறார், சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர் இருக்கிறார். மாகாணத் திணைக்களத்தின் நன்னடத்தை உத்தியோகத்தர் இருக்கிறார். ஒவ்வொரு பிரிவிலும் கிராம உத்தியோகத்தர் இருக்கிறார், யார் எந்த வீட்டில் இருக்கிறார், யார் எந்த வாடியில் மீன்பிடிக்கப் போயிருக்கிறார், யாருடைய உழவு இயந்திரம் யார் வயலில் நிற்கிறது என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். இவர்களை ஒன்றாக இருத்தி, பிரதேச செயலகத்தில் தாபரிப்புக்கு ஒரு மேசை போடுங்கள். நீதிமன்றம் கட்டளை போட்ட அன்றே அதன் பிரதி அந்த மேசைக்கு வரட்டும். தகப்பன் காசை வங்கியில் ஒரு பொதுக் கணக்கில் கட்டட்டும், அங்கிருந்து தாயின் கணக்குக்குப் போகட்டும். அரசாங்கத்தின் நலன்புரி உதவியான அஸ்வெசும காசு வங்கிக் கணக்குக்கு நேரே போகிற காலம் இது, செய்து காட்டிவிட்டீர்கள். கட்ட வேண்டிய நாள் தாண்டினால் முதலில் மேசையில் இருந்து ஒரு தொலைபேசி அழைப்பு, அதற்கும் அசையாவிட்டால் கிராம உத்தியோகத்தர் நேரில் போய்க் கேட்க வேண்டும். அதற்குப் பிறகும் கட்டாவிட்டால், அந்த மேசையே நிலுவைக் கணக்கோடு நீதிமன்றத்துக்கு அறிவிக்க வேண்டும். தாய் மனுப் போடவும் கூடாது, விலாசம் தேடவும் கூடாது. அவள் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு மரநிழலில் காத்திருக்கவும் கூடாது.

சம்பளக்காரரிடம் அறவிடுவது சுலபம். ஆசிரியர், பொலிஸ், படை, சபை ஊழியர் என்றால் ஒரு கடிதத்தில் முடியும், அதையும் தாய் கேட்டுத்தான் செய்ய வேண்டும் என்று வைக்காமல் கட்டளையோடேயே செய்யலாம். எங்கள் பகுதியில் பெரும்பாலானவர்கள் மேசன், கடற்றொழில், வெட்டுக் கூலி, ஓட்டோ. சம்பளச் சீட்டுக் கிடையாது. இவர்கள் விசயத்தில்தான் மற்ற நாட்டு முறை அப்படியே பொருந்தாது. மாரியில் கடலுக்குப் போக முடியாத மீனவரிடம் மாதக் காசு கேட்டால் எங்கே போவார்? வேளாண்மை வெட்டு முடிந்தால்தான் கையில் காசு புழங்கும். அறுவடைக் காலத்தில் கூடவும் மற்றக் காலத்தில் குறையவும் கட்டுகிற மாதிரிக் கட்டளையை வகுக்கலாம். வாகன வரி அனுமதிப்பத்திரம் புதுப்பிக்கப் பிரதேச செயலகத்துக்குத்தானே வருகிறார்கள், அந்த இடத்தில் நிலுவையை நினைவூட்டலாம். ஆனால் சில நாடுகளில் செய்வது போல் சாரதி அனுமதிப்பத்திரத்தைப் பறிக்க வேண்டாம் என்பது என் எண்ணம். ஓட்டோவைப் பூட்டிவிட்டால் பிள்ளைக்கு வருகிறதும் நின்றுபோகும்.

மறியலும் அப்படித்தான். கட்டாதவரை உள்ளே போடுகிற அதிகாரம் இருக்க வேண்டும், அந்தப் பயம் இல்லாமல் சிலர் கட்ட மாட்டார்கள். ஆனால் ஆள் உள்ளே போனால் என்ன நடக்கிறது தெரியுமா? அவருடைய தாய் இவள் வாசலில் வந்து நின்று அழுகிறாள். ஊர் இவளைத்தான் பேசுகிறது. பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் “உன் அம்மாதான் அப்பாவை மறியலில் போட்டாள்” என்று சொல்லிக் காட்டுகிறார்கள். இதைத் தாங்க முடியாமல் வழக்கை விட்டுவிட்ட பெண்கள் இருக்கிறார்கள். மனுப் போடுவது அரசாங்கத்தின் மேசை என்றால் இந்தப் பழி தாய்மேல் விழாது. நான் இந்த மடலை எழுதுவதற்கு இதைவிடப் பெரிய காரணம் இல்லை.

வெளிநாட்டுக்குப் போனவர்கள் விசயம் தனியாகச் சொல்ல வேண்டியது. எங்கள் பெண்கள் வீட்டு வேலைக்குச் சவூதிக்கோ குவைத்துக்கோ போவதென்றால் 2013இல் இருந்து குடும்பப் பின்னணி அறிக்கை வேண்டும். பிள்ளையை யார் பார்ப்பது, எங்கே இருக்கும், கடைசிப் பிள்ளைக்கு என்ன வயது என்று உத்தியோகத்தர்கள் வந்து விசாரித்துக் கையொப்பம் வைக்க வேண்டும். ஐந்து வயதுக்குக் கீழே பிள்ளை இருந்தால் போக முடியாது என்றிருந்ததை 2022இல்தான் இரண்டு வயதாகக் குறைத்தார்கள். சரி, பிள்ளையின் நலனுக்காகத்தான் கேட்கிறீர்கள். அப்படியானால் கட்டாருக்குப் போகிற தகப்பனிடம், “உன் பிள்ளைக்குத் தாபரிப்புக் கட்டளை இருக்கிறதா, மாதக் காசை எந்த வழியில் அனுப்பப் போகிறாய்?” என்று வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதியும்போது ஒரு கேள்வி கேட்க முடியாதா? போன பிறகு பிடிப்பது கடினம். வளைகுடா நாடுகளில் எங்கள் நீதிமன்றக் கட்டளையைக் கொண்டுபோய் அறவிட வழியில்லாமல் நிற்கிறோம்.

ஐரோப்பாவுக்குப் போனவர்களைப் பொறுத்தவரை வழி இருக்கிறது, ஆனால் ஒருவருக்கும் தெரியாது. வெளிநாட்டில் இருக்கிறவரிடம் தாபரிப்பு அறவிடுவதற்கு 1956இல் நியூயோர்க்கில் ஐக்கிய நாடுகள் உடன்படிக்கை ஒன்று செய்யப்பட்டது. இலங்கை அதில் ஆரம்பத்திலேயே சேர்ந்த நாடு. சுவிஸ், பிரான்ஸ், ஜெர்மனி, நோர்வே, பிரித்தானியா எல்லாம் அதில் இருக்கின்றன. இங்கே உள்ள தாய் தன் நாட்டு அரசின் மூலம் ஆவணங்களை அனுப்பினால், அந்த நாட்டு நிறுவனம் அவள் சார்பில் நடவடிக்கை எடுக்க வேண்டும். நீதி அமைச்சர் அவர்களே, இந்த விண்ணப்பத்தை எங்கே கொடுப்பது, என்ன ஆவணம் இணைப்பது என்று தமிழில் ஒரு பக்கத் துண்டுப்பிரசுரம் ஒவ்வொரு பிரதேச செயலகத்திலும் இருக்கட்டும். எங்கள் சங்கத்திலேயே சுவிஸில் தகப்பன் இருக்கிற பிள்ளை ஒன்று சப்பாத்து இல்லாமல் பள்ளிக்கூடம் போனது.

காத்தான்குடி, ஏறாவூர், கல்முனை, சம்மாந்துறை, அக்கரைப்பற்றுப் பக்கத்து முஸ்லிம் சகோதரிகளையும் இதில் சேர்த்தே பேசுகிறேன். அவர்கள் 1951ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக விவாகரத்துச் சட்டத்தின்படி, முஸ்லிம் குடும்ப வழக்குகளைக் காதியார் விசாரிக்கிற காதி நீதிமன்றத்தில்தான் கேட்க வேண்டும். அங்கே சட்டத்தரணி பேச முடியாது, தங்கள் கதையைத் தாங்களே சொல்ல வேண்டும். காதியார் விதித்த காசைக் கட்டாவிட்டால், அதைத் தண்டப்பணம் அறவிடுகிற மாதிரி அறவிட நீதவான் நீதிமன்றத்துக்குத்தான் அனுப்ப வேண்டும். அதாவது இரண்டு இடம், இரண்டு அலைச்சல். அந்தச் சட்டத்தை எப்படித் திருத்துவது என்பதை அந்தப் பெண்கள் பல காலமாகப் பேசி வருகிறார்கள், அவர்கள் குரலைக் கேளுங்கள். அறவிடுகிற மேசை மட்டும் எல்லாருக்கும் ஒன்றாக இருக்கட்டும். காதியாரின் கட்டளையும் அதே மேசைக்கு வரட்டும்.

தொகையைப் பற்றியும் ஒன்று. 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டியின்படி பணவீக்கம் 69.8 வீதம் என்று அரசாங்கமே சொன்னது. அதற்கு முன்னர் போட்ட கட்டளைகள் பல அதே தொகையில் நிற்கின்றன. கூட்டிக் கேட்கச் சட்டத்தில் இடம் உண்டு, ஆனால் அதற்கும் தாய் புதிதாக வழக்கு நடத்த வேண்டும். 2019இல் 5000 ரூபாயில் ஒரு பிள்ளைக்கு அரிசி, பால்மா, ரியூசன் காசு என்று ஓரளவு ஓட்ட முடிந்தது. இன்றைக்கு அந்தக் காசில் பால்மாப் பைக்கற் சிலதை வாங்கினால் ரியூசன் இல்லை. வருசத்துக்கு ஒருமுறை விலைவாசிக்கு ஏற்பக் கட்டளைத் தொகை தானாக உயர வழி செய்யுங்கள். அதேபோல் தகப்பனுக்கு உண்மையிலேயே வேலை போனாலோ, நோய் வந்தாலோ, அவர் ஒளிந்து திரியாமல் அந்த மேசைக்கு வந்து சொல்லவும், தொகையைக் குறைத்துக் கேட்கவும் வழி இருக்க வேண்டும். ஒளிகிறவர்களில் பாதிப் பேர் கட்ட முடியாமல் வெட்கத்தில் ஒளிகிறவர்கள் என்று நான் நினைக்கிறேன்.

இவ்வளவுக்கும் உங்களுக்குக் கடமை இருக்கிறதா என்று யாராவது கேட்டால், இருக்கிறது. இலங்கை 1991இல் ஏற்றுக்கொண்ட சிறுவர் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகள் சமவாயத்தின் 27ஆம் உறுப்புரை, 4ஆம் பந்தியைப் பாருங்கள். பெற்றோரிடம் இருந்து பிள்ளைக்கான தாபரிப்பை அறவிட்டுக் கொடுப்பதற்கு, அவர் நாட்டுக்குள் இருந்தாலும் வெளிநாட்டில் இருந்தாலும், அரசுதான் தகுந்த நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று அதில் இருக்கிறது. நாங்கள் புதிதாக ஒன்றும் கேட்கவில்லை.

இதில் சிலதுக்குச் சட்டத் திருத்தம் வேண்டும், அது அமைச்சர்களின் கையில். சிலதை மாவட்டச் செயலாளர்கள் ஒரு சுற்றறிக்கையிலேயே தொடங்கலாம். கட்டளைப் பிரதியோடு வருகிற தாயின் பெயரைப் பதியப் பிரதேச செயலகத்தில் ஒரு பதிவேடு, தகப்பனின் விலாசத்தைக் கிராம உத்தியோகத்தர்கள் ஒருவருக்கொருவர் விசாரித்துக் கொடுக்கும் ஒழுங்கு, காசு வாங்கியதற்கும் கொடுத்ததற்கும் முத்திரையோடு ஒரு பற்றுச்சீட்டு. மட்டக்களப்பில் ஒரு பிரிவிலும் அம்பாறைக் கரையோரத்தில் ஒரு பிரிவிலும் ஆறு மாதம் செய்து பாருங்கள். முற்பணம் கொடுக்கும் திட்டத்துக்கு இப்போது திறைசேரியில் காசு இல்லை என்பீர்கள், தெரியும். அதைப் பிறகு பேசுவோம், அறவிடும் வேலையை முதலில் எடுங்கள்.

இந்த மடலில் நான் சொன்ன பெண்களில் உங்களிடம் நேரில் பேச விரும்புகிறவர்கள் இருக்கிறார்கள். கொப்பிகளையும் கட்டளைப் பிரதிகளையும் கொண்டு வருவார்கள். கச்சேரியிலோ (மாவட்டச் செயலகத்திலோ) எங்கள் கிராமத்துப் பல்தேவைக் கட்டடத்திலோ ஒரு நாள் குறித்துத் தாருங்கள். ஞாயிற்றுக்கிழமையாக இருந்தால் நல்லது, மற்ற நாளில் வந்தால் அவர்களுக்குக் கூலி போய்விடும்.

இப்படிக்கு,
கிராம மாதர் சங்கம் ஒன்றின் செயலாளர்,
படுவான்கரை, மட்டக்களப்பு.